வீட்டுக் கை எடுத்த வில்லை

சாக்கில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய வால்வை, வாங்கிய கம்பெனியின் இஞ்சினியரே தன் கையால் தூக்கிக்கொண்டு வந்தார். பவுண்டரியில் அவரை எல்லோரும் வால்வுக்காரர் என்பார்கள். வழக்கமாக வாசலிலேயே யாரையாவது ஒரு வம்புக்கு இழுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. பரிசோதனை அறை மேசையில் சாக்கை இறக்கி, கட்டை அவிழ்த்துவிட்டு, ஒதுங்கி நின்றார்.

பெரியக்கா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு குனிந்தார். வால்வின் உட்சுவர் முழுக்க ஊசியால் குத்திய மாதிரி துளைகள். சிலது மேலோடு நின்றிருந்தன. ஒன்று மட்டும் சுவரைத் துளைத்து மறுபக்கம் வந்திருந்தது. அதற்கு இரண்டு விரல் தள்ளி, வார்ப்பிலேயே புடைத்து நின்றது குடும்ப முத்திரை. அதன் கீழே எஃகின் தரம். அதற்கும் கீழே உலை எண், நானூற்றுப் பதிமூன்று.

"எத்தனை நாள் ஓடிச்சு?"

"ஏழு மாசம்க்கா. இருபது வருஷம் ஓடும்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"பக்கத்துல நின்ன ஆள் கால் நனைஞ்சதோட போச்சு. ரெண்டடி தள்ளி கரண்ட் பெட்டி இருந்திருக்கு." அவர் கைக்குட்டையை எடுத்து உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். "இதே லைன்ல இன்னும் பதினேழு வால்வு நிக்குதுக்கா. நான் என்ன சொல்லட்டும் அவங்ககிட்ட?"

"நாளைக்குச் சாயந்திரம் வரைக்கும் டைம் குடுங்க. நானே போன் பண்றேன்."

அவர் போனபின் பெரியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த வால்வின் எதிரிலேயே உட்கார்ந்தார். முப்பத்தைந்து வருடமாக அந்த அறையில் அவர் செய்கிற வேலை ஒன்றுதான். எந்த வால்வுக்குள் எது ஓடப்போகிறது என்று கேட்டு, அதற்கு எந்த எஃகை வார்ப்பது என்று முடிவு செய்வது. துருப்பிடிக்காத எஃகு என்று ஊர் சொல்லும். அப்படி ஒன்று கிடையாது என்பார் பெரியக்கா. இன்னதற்குத் துருப்பிடிக்காத எஃகு என்றுதான் உண்டு. நல்ல தண்ணீருக்கு நிற்பது அமிலத்துக்கு நிற்காது, ஓர் அமிலத்தைத் தாங்குவது இன்னொன்றில் கரைந்துபோகும்.

இந்த ஆர்டர் வந்தபோது வால்வுக்காரர் கேட்டது சாதாரண எட்டு. குரோமியமும் நிக்கலும் கலந்த அந்த எஃகைப் பவுண்டரியில் எட்டு என்றே சொல்வார்கள். பெரியக்கா விடவில்லை. தண்ணீரில் உப்பு எவ்வளவு? சூடு எவ்வளவு? ஓடிக்கொண்டே இருக்குமா, ராத்திரி வால்வை மூடினால் உள்ளே தேங்கி நிற்குமா?

"போலீஸ்ல கூட இவ்வளவு கேக்க மாட்டாங்கக்கா."

"போலீஸ்ல தப்பாச் சொன்னா அடிப்பாங்க. இங்க தப்பாச் சொன்னா ஓட்டை விழும். உப்புத் தண்ணி தேங்கி நின்னா எட்டு தாங்காது. எட்டு எம் போடுங்க."

எட்டு எம் என்பது அதே எஃகில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் மாலிப்டினம் (பவுண்டரி வாயில் மோலி) சேர்ந்தது. உப்பு ஊசி குத்தாமல் காப்பது அந்த இரண்டு பங்குதான். சூடு ஐம்பதைத் தாண்டினால் அதுவும் போதாது, அதைவிட உசத்தி ஒன்று வேண்டும் என்றும் அன்றைக்கே சொன்னார். முப்பத்தெட்டைத் தாண்டாது என்று வால்வுக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அந்தத் தாள் இப்போதும் கோப்பில் இருக்கிறது.

சேதி கேள்விப்பட்டுத் தம்பி வந்தான். பெரியக்காவைவிடப் பதினோரு வயது இளையவன். உலை, அச்சு, ஆட்கள் எல்லாம் அவன் பொறுப்பு. ஆட்களுக்கு அவன் சின்னவர். வால்வைச் சுற்றி ஒரு நடை நடந்தான், துளையில் விரல் வைத்தான், உச்சுக்கொட்டினான்.

"தண்ணி சூடு கூடியிருக்கும்க்கா. அவனுங்க சொல்ல மாட்டானுங்க."

"சூட்டை எழுதற மிஷின் தாளைக் கையோட கொண்டு வந்தார். முப்பத்தேழு, முப்பத்தெட்டு. அதுக்கு மேல போகலை."

"அப்ப…" என்று இழுத்தான். நாற்காலியின் முதுகில் கை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "கோவிச்சுக்காத. செலக்‌ஷன்ல ஒரு பிசகு வந்திருக்கலாம் இல்ல? அதைவிட உசத்தி ஏதாவது சொல்லியிருக்கணுமோ என்னமோ. மனுஷங்கதானே. உனக்கும் அறுபத்திமூணு ஆகுது."

பெரியக்கா வால்வின் பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

அந்தத் தட்டு மத்தியானம் முழுக்கத் தோளிலேயே இருந்தது. பெரியக்கா பழைய குறிப்பை எல்லாம் எடுத்து விரித்தார். உப்பின் அளவை மறுபடி பார்த்தார், சுவரின் கனத்தைப் பார்த்தார், தேங்கி நிற்கும் நேரத்தைக் கணக்குப் போட்டார். எல்லாம் சரியாகத்தான் வந்தது. வந்தும் என்ன, ஓட்டை கண்முன்னே நிற்கிறதே. தன் தேர்வில்தான் பிசகு என்றால் அதைத் தானேதான் சொல்ல வேண்டும், பிறர் வாயால் வரக் கூடாது. அது அந்த வீட்டு வழக்கம். வெள்ளைத் தாளை எடுத்து, "எஃகின் தரத்தைத் தேர்ந்தெடுத்ததில் எங்கள் பக்கம் பிழை நேர்ந்திருக்கிறது" என்று எழுதினார். முப்பத்தைந்து வருடத்தில் அப்படி ஒரு வரியை அவர் எழுதியதில்லை. எழுதியதை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உலைக்காரர் உள்ளே வந்தது அப்போதுதான். இருபது வருடமாக உலை முன்னால் நிற்கிறவர். புருவம் இரண்டும் பொசுங்கிப்போய், எப்போதும் எதற்கோ ஆச்சரியப்படுகிற முகம். வால்வைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

"வெட்டிப் பாத்தீங்களாம்மா?"

"எதை?"

"வால்வை."

"வால்வை எதுக்கு வெட்டணும்? உலைல எடுத்த வில்லை இருக்கு. சோதிச்சு சர்ட்டிபிகேட் குடுத்தாச்சு."

அவர் தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். அப்புறம், "வில்லையை நான் எடுக்கறதில்லையேம்மா" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உலையில் எஃகு உருகியதும் ஒரு கரண்டி மொண்டு சின்ன அச்சில் ஊற்றினால், உள்ளங்கையில் அடங்குகிற வில்லை ஒன்று கிடைக்கும். அந்த வில்லையைத்தான் மிஷினில் வைத்து எதெது எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். மற்ற பவுண்டரிகளில் உலை ஆளே எடுத்துக் கொடுத்துவிடுவான். இங்கே அப்படி இல்லை. கூலிக்கு வந்தவன் எவனாவது காசுக்கு ஆசைப்பட்டு வில்லையை மாற்றிவிடக் கூடாது என்று, வீட்டு ஆள் கைதான் வில்லையை எடுக்க வேண்டும் என அப்பா ஒரு விதி வைத்திருந்தார். வருகிறவர்களிடம் எல்லாம் பெரியக்கா அந்த விதியைப் பெருமையாகச் சொல்வார். அப்பாவுக்குப் பின் வில்லையை எடுப்பது தம்பி. அவன் எடுத்த வில்லை என்பதாலேயே, வார்ப்பை வெட்டிப் பார்க்கிற வேலையை யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

எட்டு மாதம் முன்பு இதே உலைக்காரர் இதே இடத்தில் நின்று, "ஒரு தடவை வில்லையை நான் எடுத்துத் தரட்டுமாம்மா?" என்று கேட்டிருந்தார். "எங்க வீட்டுக் கைமேல உனக்குச் சந்தேகமா?" என்று பெரியக்கா எரிந்து விழுந்தார். ஆள் அதோடு வாயை மூடிக்கொண்டார்.

பெரியக்கா எழுந்து, வால்வைத் தானே வெட்டும் பட்டறைக்கு எடுத்துப் போனார். விளிம்பிலிருந்து கட்டை விரல் அளவு ஒரு துண்டு. அதை உரசி மட்டமாக்கி மிஷினில் வைத்தார். பொறி பறந்தது. திரையில் எண்கள் வந்து நின்றன. குரோமியம் இருக்கிறது, நிக்கல் இருக்கிறது. மாலிப்டினம் இருக்க வேண்டிய இடத்தில் 0.2.

இன்னொரு இடத்தில் பொறி வைத்தார். 0.2. மூன்றாவது இடத்திலும் அதுவே.

எட்டு எம் என்று நெற்றியில் எழுதிக்கொண்டு வந்து நிற்பது வெறும் எட்டு. பளபளப்பில் தெரியாது, காந்தம் வைத்தாலும் தெரியாது, இழுத்துப் பார்த்தாலும் இரண்டுக்கும் பலம் ஏறத்தாழ ஒன்றுதான். உப்புக்கு மட்டும்தான் தெரியும். உப்பு ஏழு மாதத்தில் கண்டுபிடித்துவிட்டது.

முதலில் பெரியக்காவுக்கு மூச்சு வந்தது. தன் தேர்வு சரி. தன் கணக்கு சரி. அந்த நிம்மதி முழுசாக உள்ளே இறங்குவதற்குள்ளேயே அடுத்த கேள்வி வந்தது. உலைக்குள் மாலிப்டினம் போகவில்லை என்றால், அன்றைக்கு அது 2.31 இருப்பதாகக் காட்டிய வில்லை எங்கிருந்து வந்தது?

பழைய வில்லைகள் எல்லாம் உலை எண் எழுதி மர இழுப்பறையில் அடுக்கியிருக்கும். நானூற்றுப் பன்னிரண்டிலிருந்து நானூற்றுப் பதினாறு வரை, அந்த ஆர்டர் சமயத்தில் எட்டு எம் என்று உருக்கிய ஐந்தையும் எடுத்தார். ஒவ்வொன்றாக மிஷினில் வைத்தார். 2.31. 2.31. 2.30. 2.31. 2.31. குரோமியமும் நிக்கலும் கரியும் அப்படியே, அச்சடித்த மாதிரி.

ஒரே வீட்டில் ஒரே கை வைக்கிற சோறுகூட இரண்டு நாள் ஒன்றாக இருக்காது. ஐந்து உருக்கு ஒன்றாக இருக்குமா? ஒரே உருக்கில் ஐந்து வில்லை எடுத்து வைத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்றாக எண் எழுதிக் கொடுத்திருக்கிறான். இந்த எண்கள் அன்றைக்கும் இதே மேசைக்குத்தான் வந்தன. அன்றைக்கு அவற்றைப் பார்த்துப் பெரியக்கா என்ன செய்தார்? சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும், "என் தம்பி கைக்குத் தராசே வேண்டாம், ஒரு புள்ளி அங்க இங்க போகாது" என்று புகழ்ந்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். அடக்கம் என்று நினைத்தார்.

மறுநாள் காலையில் ஐந்து வில்லையையும் வெட்டிய துண்டையும் மேசையில் வரிசையாக வைத்து, தம்பிக்கு ஆள் அனுப்பினார். வந்தவன் கதவருகிலேயே பார்த்துவிட்டான். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தான்.

"உக்காரு."

"நிக்கறேன்."

"நேத்து என் தோளைத் தட்டிட்டுப் போனியே, அப்ப உனக்குத் தெரியுமா?"

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன். தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சே எனக்கு அறுபத்திமூணு ஆச்சுன்னு சொன்னே."

"அக்கா, முதல்ல நான் சொல்றதைக் கேளு. அப்ப மோலி வரலை. துறைமுகத்துல மூணு வாரம் மாட்டிக்கிச்சு. நீதான் தேதி குடுத்திருந்தே. சொன்ன தேதி தவறினா மானம் போயிடும்னு நீதான் காலைல ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை சொல்லிட்டிருந்தே. என்னதான் பண்ணச் சொல்றே? அந்த ஒரு தடவைதான். சத்தியமா அது ஒண்ணுதான்."

"மோலி வரலைன்னு என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ சும்மா விட்டிருப்பியா? ஊரைக் கூட்டியிருப்பே."

"விட்டிருக்க மாட்டேன். தேதியைத் தள்ளியிருப்பேன். திட்டு வாங்கியிருப்போம். திட்டு வாங்கினா ஓட்டை விழாது."

தம்பி இப்போது உட்கார்ந்தான். முழங்காலில் கைகளை ஊன்றிக்கொண்டு, சின்ன வயதில் எதையாவது கேட்டு நச்சரிக்கும்போது பேசுகிற அதே குரலில் பேசினான்.

"நடந்தது நடந்துபோச்சு. இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகலை. நேத்து நீ எழுதி வெச்சிருக்கியே, செலக்‌ஷன்ல பிழைன்னு, அதை அப்படியே அனுப்பு. உசத்தி எஃகுல புதுசாப் பதினெட்டும் வார்த்துத் தந்துடலாம், ராவும் பகலுமா நானே நிக்கறேன். செலக்‌ஷன்ல தப்பு வரது எல்லாருக்கும் வரதுதான். யாரும் உன்னைக் குறைவா நினைக்க மாட்டாங்க. நம்ம முத்திரைக்கும் ஒண்ணும் வராது. இல்லையா, உலைக்காரன் மூட்டையை மாத்திப் போட்டுட்டான்னு சொல்லிடு. அவனை நான் பாத்துக்கறேன்."

"உலைக்காரரையா?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றேன்."

பெரியக்கா அவனையே பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. வந்தது வேறு. அவன் கேட்பதில் ஒரு நியாயம் இருப்பது போலத் தோன்றியதுதான் அவரை உலுக்கியது. இத்தனை வருடம் வீட்டு மானம் வீட்டு மானம் என்று அவர் கட்டிக் காத்ததை அவனும் கேட்டுக்கொண்டுதான் வளர்ந்தான். அந்த மானத்தை எடுத்துக்கொண்டே அவரிடம் வியாபாரம் பேசுகிறான். ஒரு பொய்க் கையெழுத்து. கெடுவது அவர் பெயர் மட்டும். வீடு தப்பும். அவருக்கு வாழ்க்கையில் வேறு என்ன இருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டால்தான் என்ன?

"அஞ்சு உருக்குல எத்தனை வால்வு வார்த்தே?" என்று கேட்டார்.

"நாப்பத்தொண்ணு."

"பதினெட்டு அங்க இருக்கு. மிச்சம் இருபத்திமூணு?"

"வேற வேற இடம். ரெண்டு அமிலத் தொட்டி… எல்லாம் நல்லாத்தான் ஓடுதுக்கா. ஒரு புகார் இல்ல."

"நான் செலக்‌ஷன் தப்புன்னு எழுதினா இந்தப் பதினெட்டு கழலும். அந்த இருபத்திமூணை யாரு கழட்டுவா?"

தம்பி மேசையிலிருந்த வில்லை ஒன்றை விரலால் தள்ளினான்.

"அமிலத் தொட்டி பக்கத்துல நிக்கறவனுக்குக் கால் நனைஞ்சதோட போகுமாடா?"

அந்த 'டா' அவர் வாயில் வந்து பல வருடம் ஆகியிருந்தது. ஆட்கள் முன்னால் அவனை மரியாதையாகவே கூப்பிட்டுப் பழகியவர். அவன் முகம் சுண்டிப்போனது.

"அக்கா, அப்பா பேரு இது. தெருவுல கொண்டுபோய் வெச்சுடாத. எம் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. அவ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"எனக்கும்தான் தெரியாது."

அவர் சொன்னது அவ்வளவுதான். நேற்று எழுதிய தாளை எடுத்து, மடிக்காமல், கசக்காமல், நடுவில் ஒரு கோடு இழுத்து அடித்தார். அடியில் வேறு எழுதினார். தரத்தின் தேர்வு சரி. வார்த்த எஃகு அந்தத் தரம் அல்ல. கொடுத்த சர்ட்டிபிகேட் பொய். கீழே உள்ள உலை எண்கள் கொண்ட வால்வுகளை எங்கிருந்தாலும் உடனே கழற்றவும். கையெழுத்துப் போட்டு, தன் பதவியையும் எழுதினார்.

பிறகு போனை எடுத்தார். தம்பி எழுந்து போகக் கூடும் என்று நினைத்தார். அவன் போகவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தான்.

"நான்தான் பேசறேன்" என்றார் பெரியக்கா. "வால்வை வெட்டிப் பாத்தேன். அது எட்டு எம் இல்ல, வெறும் எட்டு. அந்தப் பதினேழையும் இன்னைக்கே மூடச் சொல்லுங்க. இன்னும் இருபத்திமூணு வெளிய இருக்கு. எங்கெங்க போச்சுன்னு அரை மணியில எழுதி அனுப்பறேன்."

அந்தப் பக்கத்திலிருந்து வால்வுக்காரர் கேட்டார். "எப்படிக்கா? உங்க இடத்துலயா? யாராவது வேலையாள் மூட்டையை மாத்திட்டாங்களா?"

"வேலையாள் யாரும் இல்ல."

"அப்ப?"

பெரியக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டார். "எங்க வீட்டு ஆள். ஏமாந்ததும் எங்க வீட்டு ஆள்தான். உங்க ஆபீஸ்ல யார் கேட்டாலும் அப்படியே சொல்லலாம். இனிமே வில்லையை உங்க ஆள் வந்து எடுக்கட்டும், வார்ப்பையும் வெட்டிப் பாக்கட்டும்."

"சரிக்கா." அவர் குரல் இறங்கியிருந்தது. "உலை நம்பர் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

"நானூத்திப் பன்னெண்டு. பதிமூணு. பதினாலு. பதினஞ்சு. பதினாறு. அவ்வளவுதான்."

"அஞ்சு. எழுதிக்கிட்டேன்."

போனை வைக்கப் போனார்.

"அக்கா." தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "இன்னொண்ணு இருக்கு."

அவர் கை போனோடு அப்படியே நின்றது.

"நூத்தி எண்பத்தேழு."

நூற்று எண்பத்தேழு போன வருடத்து உருக்கு. அப்போது துறைமுகத்தில் எதுவும் மாட்டவில்லை. கிடங்கில் மாலிப்டினம் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. யாரும் எந்தத் தேதிக்கும் அவனை விரட்டவில்லை. சற்று முன்னால் அவன் சத்தியம் செய்தது நினைவுக்கு வந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவன் பக்கம் திரும்பவும் இல்லை.

"இருக்கீங்களாக்கா?" என்றது போன்.

"இருக்கேன். ஆறு. ஆறாவதையும் எழுதிக்கோங்க" என்றார் பெரியக்கா. "நூத்தி எண்பத்தேழு."